கிளி இல்லை, கழுகு: மலை வாசகர்களின் நகைக் கேள்விகள்

பழைய நகையை உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் அதில் இருக்கும் குட்டி எழுத்துகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும். யோசித்தால் ஆச்சரியமில்லை. துரைமார் பங்களா, மிஷன் பள்ளிக்கூடம், எஸ்டேட் என்று சீமை நகை வந்து சேர வழி இருந்த ஊர்கள்தானே. வங்கியில் இருபத்தெட்டு வருடம் உரைகல்லோடு உட்கார்ந்திருந்த நகை மதிப்பீட்டாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர் வாசகி: ஐயா, என் பாட்டி ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசானி ஊருக்குத் திரும்பும்போது ஒரு ப்ரூச் கொடுத்துவிட்டுப் போனாராம். நீளமாகக் கம்பி மாதிரி இருக்கும், நடுவில் சின்னச் சின்ன முத்து. பின்பக்கம் ஒரு நங்கூரம், 15, .625, ஆங்கிலப் பெரிய எழுத்து 'டி', அப்புறம் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்து. கடையில் காட்டினால், "பதினஞ்சு கேரட்டெல்லாம் ஒரு தங்கமாங்க, வேணும்னா உருக்கி எடுத்துக்கறோம்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த முத்திரை வரிசை பொறந்த தேதிச் சான்றிதழ் மாதிரி. ஒவ்வொன்றாகப் படிப்போம்.

நங்கூரம் என்றால் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோதனை நிலையம், அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் இடம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1773-ல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் தங்களுக்கென்று சோதனை நிலையம் கேட்டு லண்டனுக்குப் போனபோது, ஆட்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்' என்றும், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்கும், எடின்பரோ என்றால் கோட்டை.

15, .625 என்பது தரம். இருபத்து நாலில் பதினைந்து பங்கு, அதாவது நூற்றுக்கு அறுபத்திரண்டரை தங்கம். நம் ஊரில் 22-க்குக் கீழே போனால் முகம் சுளிப்போம், ஆனால் அங்கே அது சட்டப்படியான தரம். முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. 15 கேரட்டை இங்கிலாந்தில் 1854-ல் அனுமதித்தார்கள், 1932-ல் எடுத்துவிட்டு அதற்கும் 12-க்கும் பதிலாக 14-ஐக் கொண்டுவந்தார்கள். ஆக, வேறு எதையும் பார்க்காமலே உங்கள் ப்ரூச் இந்த எழுபத்தெட்டு வருடத்துக்குள் அடங்கிவிட்டது.

இப்போது அந்த 'டி'. அங்கே வருடத்துக்கு ஒரு எழுத்து மாற்றுவார்கள். எழுத்து தீர்ந்தால் எழுத்தின் வடிவத்தையும் சுற்றி இருக்கும் கேடயத்தின் வடிவத்தையும் மாற்றிக்கொண்டு மறுபடி 'ஏ'-யில் தொடங்குவார்கள். அதனால் வெறும் 'டி' என்பது ஒரு வருடத்தைச் சொல்லாது. பர்மிங்காமில் 1878-க்கும் 'டி', 1903-க்கும் 'டி', 1928-க்கும் 'டி', 1953-க்கும் 'டி'. ஆனால் முதல் இரண்டும் சின்ன எழுத்து. 1953-ல் 15 கேரட்டே கிடையாது. மிச்சம் 1928 மட்டும். அந்தக் காலத்தில் பர்மிங்காமில் எழுத்து ஜூலையில் மாறும் என்பதால், 1928 ஜூலையிலிருந்து 1929 ஜூன் வரைக்குள் ஒரு நாள் அந்த ப்ரூச் சோதனை மேஜையில் இருந்திருக்கிறது. கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எழுத்து, செய்து சோதனைக்கு அனுப்பியவரின் பெயர் முதலெழுத்து.

இதை உருக்கினால் கிடைப்பது சில கிராம் தங்கத்தின் காசு, அதிலும் 'மட்டத் தங்கம்' என்று கழிவு போட்டுவிட்டு. கழற்றிய முத்தைக் கடைக்காரர் ஒரு பேப்பரில் மடித்துக் கையில் கொடுப்பார். பழம்பொருள் வாங்குபவர்கள் கேட்பது அந்த முத்தோடும் முத்திரையோடும் முழுசாக இருக்கும் ப்ரூச்சைத்தான். உங்கள் பாட்டி கதையையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அதே வாசகி, பின்குறிப்பாக: தம்பி லண்டனில் இருக்கிறான். அவனிடம் கொடுத்தனுப்பி அங்கே ஏலத்தில் விற்கலாமா?

நூறு வருடத்துக்குக் குறையாமல் பழமையான கலைப்பொருள் நம் நாட்டில் 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள். எந்த நாட்டில் செய்தது என்று சட்டம் பார்ப்பதில்லை, தனிப்பட்ட ஆள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்களுடையது 1928-ல் முத்திரை வாங்கியது என்பதால் 2028-ல்தான் நூறைத் தொடுகிறது. இருந்தாலும் விமான நிலையத்தில் நின்றுகொண்டு 'டி' எழுத்தின் வரலாற்றை விளக்க முடியாது இல்லையா, அதனால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் வீட்டில் 21 பவுன் காசு கோத்த மாலை இருக்கிறது. அம்மா காலமான பிறகு மூன்று தங்கைகளுக்கும் பிரிக்க வேண்டும். எல்லாம் ராஜா தலை, நாலைந்து ராணி தலை. எந்தக் காலத்து மாலை, காசெல்லாம் ஒரே மதிப்புதானா?

மாலைக்கு முத்திரை கிடையாது, ஆனால் காசே முத்திரைதான். ஒவ்வொரு காசிலும் வருடம் இருக்கும். மாலையில் இருப்பதிலேயே புதிய காசின் வருடத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த மாலையைக் கோத்திருக்க முடியாது. உங்கள் பட்டியலில் கடைசி வருடம் 1931 என்று எழுதியிருக்கிறீர்கள். "தாத்தாவோட அம்மா கல்யாணத்துக்குப் போட்டது" என்று வீட்டில் சொல்லிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்யாணம் 1931-க்கு முன்னால் என்றால் ஒன்று கதை தப்பு, இல்லையென்றால் பின்னால் யாரோ காசு சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். பேறுகாலத்துக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று என்று சேர்ப்பது வழக்கம். வளையம் பற்றவைத்த விதம் எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், சேர்த்தது எது என்று தெரிந்துவிடும்.

ராணி தலையிலும் மூன்று உண்டு. விக்டோரியா சின்னப் பெண்ணாகக் கொண்டை போட்டிருந்தால் 1887 வரை. தலையில் குட்டிக் கிரீடம் என்றால் 1887-லிருந்து 1893. முக்காடு போட்ட வயசான முகம் என்றால் 1893-லிருந்து 1901. வழுக்கைத் தலை, தாடி என்றால் எட்வர்ட், 1902 முதல் 1910. அதற்குப் பிறகு வருகிறவர் ஐந்தாம் ஜார்ஜ்.

எல்லாம் ஒரே மதிப்பா என்றால், எடையில் ஒன்றுதான். ஒரு சவரன் 7.988 கிராம், 22 கேரட். நாம் ஒரு பவுன் என்றால் எட்டு கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டதே இதிலிருந்துதான். ஆனால் காசு எந்த அக்கசாலையில் அடித்தது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. ஜார்ஜ் காசைத் திருப்பினால் ஒரு வீரன் குதிரையில் இருந்துகொண்டு பாம்பு மாதிரி ஒன்றைக் கொல்வான் இல்லையா, அந்தக் குதிரையின் காலடித் தரையில், வருடத்துக்கு நேர் மேலே, கடுகை விடச் சின்னதாக ஒரு எழுத்து இருக்கலாம். 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' மெல்பர்ன், 'பி' பெர்த், 'எஸ்.ஏ' தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, 'சி' கனடாவின் ஒட்டாவா. எதுவுமே இல்லையென்றால் லண்டன். அப்புறம் 'ஐ' என்று ஒன்று உண்டு. அது நம் பம்பாய்! முதல் உலகப்போரின் கடைசி வருடமான 1918-ல் மட்டும் பம்பாயில் சவரன் அடித்தார்கள், மொத்தமே சுமார் 13 லட்சம் காசு. வேறு எந்த வருடமும் இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஏழாவது காசில் எனக்கு 'ஐ' மாதிரி தெரிகிறது. மலையில் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் காலைப் பத்து மணி வெயிலில் ஜன்னல் பக்கம் வைத்து, காசை லேசாகச் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து மறைந்துவிடும், பக்கவாட்டில் விழ வேண்டும். 'ஐ' என்று உறுதியானால் அந்தக் காசை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மனஸ்தாபம் வரும். வளையம் பற்றவைத்த காசு என்பதால் சேகரிப்பவர்களிடம் முழு விலை கிடைக்காது. அதற்காக வளையத்தை அறுத்து ராவிவிடாதீர்கள், இன்னும் கெடும். மற்றபடி ஆளுக்கு ஏழு காசு, கணக்கு சுலபம்.

கொடைக்கானல் வாசகர்: அப்பா ஒரு அமெரிக்க மிஷனரி வீட்டில் சமையல்காரராக இருந்தார். அவர்கள் போகும்போது அம்மாவுக்குக் கொடுத்த லாக்கெட்டில் '1/20 12 கே ஜி.எஃப்' என்று இருக்கிறது. அடகுக்கடையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். 12 கேரட் என்று எழுதியிருக்கிறதே, ஏமாற்றுகிறாரா?

இல்லை சார், இந்தத் தடவை அடகுக்கடைக்காரர் பக்கம்தான் நியாயம். ஜி.எஃப் என்றால் பித்தளை மாதிரி ஒரு மலிவு உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டியது. மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு அந்தத் தகடு, அந்தத் தகடும் பாதிதான் தங்கம். கணக்குப் போட்டால் நாற்பதில் ஒரு பங்கு. பத்து கிராம் லாக்கெட்டில் கால் கிராம்.

அமெரிக்க நகைக்கு இங்கிலாந்து மாதிரி சோதனை நிலையமோ வருட எழுத்தோ கிடையாது, செய்கிறவரே அச்சுக் குத்துவார். பொய்யாகக் குத்தக்கூடாது என்று 1906-ல் சட்டம் போட்டார்கள், தரம் குத்தினால் கூடவே செய்தவரின் பதிவு பெற்ற குறியும் குத்த வேண்டும் என்று 1961-ல் சேர்த்தார்கள். அதனால் வருடம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். லாக்கெட்டைத் திறந்து மூடியின் உள்பக்க விளிம்பைப் பாருங்கள். கொடைக்கானலுக்கு அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-லிருந்தே வந்துகொண்டிருந்தார்கள், இந்த மாதிரி லாக்கெட் உங்கள் தெருவிலேயே இன்னும் நாலு இருக்கும். உள்ளே படம் இருந்தால் அதை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

பண்ணைக்காடு வாசகி: மாமியாரின் சங்கிலி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. கொக்கியில் ஒரு கிளித் தலை முத்திரை இருக்கிறது, வேறு எழுத்து எதுவும் இல்லை. மீனாட்சி அம்மன் கிளி என்று மாமியார் சொல்வார்.

மாமியார் சொன்னதை மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கிளி இல்லை, கழுகு. பிரெஞ்சு அரசாங்க முத்திரை. 1838-லிருந்து இன்றுவரை பிரான்சில் 18 கேரட்டுக்குக் குறையாத தங்கத்துக்குக் குத்துவது கழுகுத் தலை. மூக்கு வளைந்திருப்பதால் நம் கண்ணுக்குக் கிளியாகத் தெரியும். அங்கே எண் குத்தும் பழக்கம் இல்லாததால்தான் எழுத்து எதுவும் இல்லை. பக்கத்திலேயே சாய்சதுரத்துக்குள் செய்தவரின் குறி இருக்க வேண்டும், தேய்ந்திருக்கலாம். ஆந்தை இருந்தால் அது வேறு கதை, பிரான்சுக்கு வெளியிலிருந்து வந்த தங்கம் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. முத்திரை கொக்கியில் இருந்தால் அது கொக்கிக்கு மட்டும்தான் சாட்சி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கிலி வந்தது, கொக்கியில் 18-ம் கிரீடமும் பளிச்சென்று இருந்தது, பெரிய புத்திசாலி மாதிரி மொத்தத்தையும் 18 கேரட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடன் திரும்பவில்லை, நகை ஏலத்துக்குப் போனது, உரசிப் பார்த்தால் சங்கிலி 9 கேரட்! என்றைக்கோ அறுந்துபோன நல்ல சங்கிலியின் கொக்கியை இதில் மாட்டியிருக்கிறார்கள். வித்தியாசத்தை என் சம்பளத்தில் ஆறு மாதம் பிடித்தார்கள். அதிலிருந்து கொக்கியைத் தனியாகவும் சங்கிலியை நடுவில் இரண்டு இடத்திலும் உரசாமல் பேனாவை எடுத்ததில்லை. நீங்களும் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டி வாசகி: பாட்டியின் அட்டிகையில் எந்த முத்திரையும் இல்லை. அப்படியென்றால் தங்கம் இல்லையா?

யார் சொன்னது? 2000-க்கு முன்னால் நம் நாட்டில் தங்கத்துக்கு அரசு ஹால்மார்க்கே கிடையாது. ஆசாரி மேல் இருந்த நம்பிக்கைதான் முத்திரை. உரைகல்லில் உரசி, தரம் தெரிந்த ஆணியின் உரசலோடு ஒப்பிட்டு மாற்று, அதாவது தங்கத்தின் தரம், எவ்வளவு என்று சொல்வார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்று மனிதர்களைப் புகழ்கிறோமே, அது சுத்தத் தங்கத்துக்கு அந்தக் கல் கொடுத்த மதிப்பெண்.

முத்திரை இல்லாத நம் ஊர் நகைக்குத் துல்லியமாக வருடம் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். திருகைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். கையால் வெட்டிய மரை ஒரே சீராக இருக்காது, ஒரு சுற்று அகலம், ஒரு சுற்று ஒடுக்கம். ஜோடித் தோட்டில் வலது திருகு இடது தோட்டில் ஏறவே ஏறாது. மிஷின் திருகு எதிலும் ஏறும். அப்புறம் பற்றவைத்த இடம். பழைய வேலையில் பொடி வைத்து ஊதிய இடம் கொஞ்சம் மங்கலாக, நிறம் மாறி இருக்கும், ஏனென்றால் அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் கூட. பழைய நகையை உருக்கினால் மாற்றுக் குறைவது இதனால்தான், பாட்டியை யாரும் ஏமாற்றவில்லை. இணைப்பும் நகை நிறத்திலேயே சுத்தமாக இருந்தால் கேடிஎம்-மாக இருக்கலாம், அதாவது பொடிக்குப் பதில் காட்மியம் கலந்த தங்கம். அப்படியானால் நகை சமீபத்தியது. காட்மியம் புகை பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலைக் கெடுப்பதால் அதைக் கைவிடச் செய்தார்கள்.

இன்னொரு விசித்திரக் காலமும் உண்டு. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்து, 14 கேரட்டுக்கு மேல் நகையே செய்யக்கூடாது என்றார்கள். 1966-ல் அந்த வரம்பை எடுக்கும் வரை எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பு இல்லாமல் போயின. உங்கள் வீட்டில் அந்த மூன்று நாலு வருடத்துக் கல்யாண நகை ஏதாவது 14 கேரட் என்று வந்தால் ஆசாரியைத் திட்டாதீர்கள்.

கூடலூர் வாசகர்: மனைவியின் ஆரத்தில் முக்கோண முத்திரை, 916, 'ஜே' என்ற எழுத்து, இன்னும் இரண்டு குறி இருக்கின்றன. கல்யாணம் 2009-ல். இப்போது ஆறு எழுத்து எண் இல்லாவிட்டால் செல்லாது என்கிறார்களே?

செல்லும் தம்பி. அந்த எழுத்து நம் ஊர் வருடக் குறி. 'ஏ' என்றால் 2000, 'பி' என்றால் 2001, நடுவில் 'ஐ'-யை விட்டுவிட்டு எண்ணினால் 'ஜே' என்றால் 2008. கடையில் சில மாதம் ஷோகேஸில் இருந்துவிட்டு உங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறது. பர்மிங்காம் மாதிரியே நாமும் தொடங்கினோம், 2017-ல் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், நூறு வருடம் கழித்து யாராவது ஒரு பேத்தி தேடுவாள் இல்லையா? ஆறு எழுத்து எண் 2021 ஜூலையில் வந்தது, 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடைக்காரர் ஹால்மார்க் நகை என்று விற்கக்கூடாது. கட்டுப்பாடு விற்கிற கடைக்குத்தான். உங்கள் பீரோவில் இருக்கும் பழைய முத்திரை நகை செல்லுபடியாகும். புதிதாக வாங்கினால் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். வெறும் 916 என்று மட்டும் குத்தியிருந்து பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் முக்கோணம் இல்லையென்றால் அது கடைக்காரர் வாக்கு, அவ்வளவுதான்.

கோத்தகிரியிலிருந்து இன்னொருவர்: சிலோனிலிருந்து வந்தபோது கொண்டுவந்த தாலிக்கொடியில் 22 என்றும் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. எந்த வருடம் என்று சொல்ல முடியுமா?

அது கடை அச்சு, வருடம் சொல்லாது. நீங்கள் கப்பல் ஏறிய காகிதங்களை எடுத்துப் பாருங்கள். இந்தியாவும் சிலோனும் போட்ட 1964-ம் வருட ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களில் பலர் கொண்டுவரும் நகையை எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பட்டியல் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தால் அதுதான் உங்கள் முத்திரை.

குன்னூர் வாசகி மறுபடியும்: ப்ரூச்சில் முத்திரையைச் சுற்றி அழுக்கு ஏறியிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

பூந்திக்கொட்டைத் தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்து, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ்ஷை அதில் தொட்டு, முத்திரை இருக்கும் இடத்தில் மட்டும் தேயுங்கள். ப்ரூச்சை ஊற வைக்காதீர்கள், முத்து கெடும். அட்டிகை வைத்திருக்கும் ஊட்டி அம்மாவுக்கும் இதேதான், கெம்புக் கல்லுக்கு அடியில் தாளும் அரக்கும் இருக்கும், தண்ணீர் போனால் கல் கறுத்துவிடும். பாலிஷ் போடக் கொடுக்கவே வேண்டாம். மிஷின் சக்கரத்தில் இரண்டு நிமிடம் பிடித்தால் நகை மின்னும், அந்த 'டி' போயே போய்விடும்.